ஓர் ஆங்கில இசைத்தட்டும் எம் அப்பத்தாவின் கும்மியும்

கரைபுரண்டோடும் பேராற்று நீரினும், அதன் மருங்கே மணலிற் சுரந்து உள்ளங்கையளவே தேங்கும் ஊற்றுநீர் வழிநடந்து களைத்தார்க்கு மிக இனிதாதல் உண்டு. பெரும்புலவர் படைப்புகளிலும் இவ்வுண்மை காணக்கிடக்கின்றது. 3,615 பாக்களால் தேம்பாவணியை இயற்றிய வீரமாமுனிவரே, மகளிர் அம்மானையாடுங்காற் பாடும் எளிய நடையில் கித்தேரியம்மாள் அம்மானையையும் இயற்றினார். இராமகாதை பாடிய கம்பர் பெயரால் ஏரெழுபது என்னும் சிறுநூலும் வழங்குகின்றது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் குறத்தியர் குறிசொல்லும் கூத்தை எடுத்துக்கொண்டு பெத்லகேம் குறவஞ்சி செய்தார். பாரதியாரோ பாரதக் கதையை நொண்டிச் சிந்திலே நடக்கவிட்டார். இவர்களெல்லாம் தத்தம் உயர்நிலையினின்றும் கீழிறங்கி வந்தனரோ, அன்றி மேலேறிச் சென்றனரோ?

இறங்கியே வந்தனர் என்று யாம் நெடுநாள் எண்ணியிருந்தோம். தமிழ்ச் சிறப்பு வகுப்பில் அமர்ந்து சங்க நூல்களைப் பயின்ற பின்னரும் அவ்வெண்ணம் எம்மை விட்டு நீங்கிற்றில்லை. அது பிழையென்று எமக்குக் கற்பித்தது நான்கே பாடல்கள் அடங்கிய ஓர் ஆங்கிலச் சிற்றிசைத்தட்டு. அதன் பின்னர் எம் அப்பத்தா கற்பித்தது அதனினும் பெரிது. அவ்விரண்டனையும் ஈண்டு முறையே கூறப் புகுகின்றோம். வாசகர் பொறுத்தருள்வாராக.

மார்கழித் திங்கள் தொடக்கத்து ஓரிரவு, கிறிஸ்து பிறப்புப் பாடல்களைப் பயின்று முடித்து விடுதி அறைக்கு மீண்டோம். எம்முடன் உறையும் மேகாலய நாட்டு நண்பர் ஒருவர் மேனாட்டு ராக் இசையிற் பெரிதும் ஈடுபாடுடையவர். "நுங்கள் கீதங்களையே நாள்தோறும் கேட்டுக் காது நிறைந்துவிட்டது, இன்று எமது கீதத்தைக் கேளும்" என்று கூறித் தம் கைப்பேசியிலிருந்து ஒரு பாட்டை எழுப்பினார். முதலிற் குழலோசை எழுந்தது. பின்னர்ப் பலர் கூடிக் கைகொட்டும் ஓசை கேட்டது. அக்கைத்தட்டலைக் கேட்டமாத்திரத்தே எம் உள்ளத்தில் ஏதோ ஒன்று திடுக்கிட்டு விழித்தது. அது யாதென அன்று எமக்கு விளங்கவில்லை.

அப்பாட்டைப் பாடியது ஜெத்ரோ டல் என்னும் குழு. 1967ஆம் ஆண்டு இங்கிலாந்தில் தோன்றிய இக்குழுவின் தலைவர் இயான் ஆண்டர்சன் என்பவர். ஒற்றைக்காலில் நின்று குழலூதும் தோற்றத்தாற் பெயர்பெற்றவர். மின்கித்தாரும் முழவமும் அதிர முழங்கும் ராக் இசையிற் குழலை முதன்மையான கருவியாக்கிய பெருமை இவருக்குண்டு. எளிய காதற் பாட்டுகளோடு அமையாது, நெடிய அமைப்பும் பல்வகைத் தாளமும் உடையனவாக இசையை வளர்த்த முற்போக்கு ராக் மரபினருள் இக்குழுவினரும் எண்ணப்படுவர். 1972இல் இவர்கள் வெளியிட்ட 'திக் ஆஸ் எ பிரிக்' என்பது தட்டின் இருபக்கமும் நிறைந்து நாற்பது நிமிடங்களுக்கு மேலாக ஓடும் ஒரே பாட்டு. காப்பியம் பாட வல்லார் இவர் என்பதற்கு அஃதொன்றே சான்றாகும்.

குழுவின் பெயர் எமக்கு மிக்க உவகை தந்தது. ஜெத்ரோ டல் என்பார் 1674 முதல் 1741 வரை வாழ்ந்த ஆங்கில வேளாண் அறிஞர். விதையைக் கையால் வீசித் தெளிக்காமல் வரிசையாகவும் ஓரளவான ஆழத்திலும் இடுதற்கு 1701ஆம் ஆண்டளவில் ஒரு பொறி செய்தவர். மின்சாரத்தால் முழங்கும் ஓர் இசைக்குழுவினர் உழவர் ஒருவர் பெயரைத் தாங்கி உலகெங்கும் உலாவந்தனர் என்பதை அறிந்தபோது, ஏரெழுபதே எம் நினைவில் எழுந்தது.

நிற்க. யாம் கேட்ட தட்டு 1976ஆம் ஆண்டின் இறுதியில், கிறிஸ்து பிறப்புக் காலத்தை ஒட்டி வெளிவந்தது. நான்கு பாடல்களும் சேர்ந்து ஏறத்தாழப் பன்னிரண்டு நிமிடங்களே ஓடும். 'ரிங் அவுட், சோல்ஸ்டிஸ் பெல்ஸ்' என்பது தலைப்பாட்டு. கதிரவன் தென்கோடியினின்றும் திரும்பும் நாளில் மணிகளை ஒலிக்கச் செய்யுங்கள் என்பது அதன் கருத்து. அத்தட்டு இங்கிலாந்தின் விற்பனை வரிசையில் 28ஆம் இடம் வரை ஏறிற்று. அத்தலைப்பாட்டே அடுத்த ஆண்டு பெப்ருவரியில் வெளிவந்த 'சாங்ஸ் ஃப்ரம் தி வுட்' என்னும் பெருந்தட்டிலும் இடம்பெற்றது. நகரைவிட்டு நாட்டுப்புறத்திற் குடியேறித் தம் நாட்டுப் பழங்கதைகளையும் வழக்கங்களையும் படித்து ஆண்டர்சன் இயற்றிய பாடற்றொகுதி அது. அத்தோப்பின் முதற்கனியே இச்சிறு தட்டெனலாம்.

தலைப்பாட்டின் நடை ஏழெண்ணிக்கையைச் சார்ந்தது. மேனாட்டு ஆடற்பாட்டுகள் பெரும்பாலும் நான்காகவோ மூன்றாகவோ எண்ணப்படுவன. இப்பாட்டோ ஏழெண்ணி நடக்கின்றது. நம் நாட்டு மிச்ர சாபு தாளம் பயின்றார்க்கு மூன்றும் நான்குமாக எண்ணிப் பார்த்தல் எளிதாம். ஏழு கன்னியர் ஏழெண்ணி அடிபெயர்த்து ஆடுவதாகவும், பழங்காலப் பூசாரியராகிய ட்ரூயிடுகள் எழுவர் அவ்வாறே ஆடுவதாகவும் பாட்டே கூறுகின்றது. பொருளும் தாளமும் இங்ஙனம் ஒன்றையொன்று தழுவி நிற்பது எத்துணை அழகு! ஏழு என்று வாய் சொல்லுங்கால் கையும் காலும் ஏழென்றே எண்ணுகின்றன.

இதனைக் கேட்டபோது சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவை எம் கண்முன் வந்து நின்றது. மதுரைப் புறஞ்சேரியில் தீய நிமித்தங்கள் தோன்றக் கண்டு அஞ்சிய மாதரி, ஆயர் மகளிர் எழுவரை நிறுத்தி, குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஏழிசையின் பெயர்களையும் அவர்க்கு இட்டுக் கைகோத்தாடச் செய்கின்றாள். இளங்கோவடிகள் தம் பெருங்காப்பியத்தினூடே ஆய்ச்சியர் ஆட்டத்தையும், வேட்டுவர் வரியையும், குன்றவர் குரவையையும் அமைத்தார். காப்பியத்தை ஒருகாற் படித்தாரும் மறவாத பகுதிகள் அவையே அன்றோ? எங்கோ குளிர்நாட்டில், சிலம்பின் பெயரையும் கேட்டிருக்க வாய்ப்பில்லாத ஒருவர், ஆண்டின் இருண்ட நாளிலே ஏழு கன்னியரை ஆடவிடுகின்றார். ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்தாரென்பது எமது கருத்தன்று. அச்சமுற்ற காலத்து மக்கள் கைகோத்து ஆடிப்பாடித் தேறுதல் பெறுவர் என்பதே இரண்டிலும் யாம் காணும் பொதுமை.

அக்குளிர்நாட்டார்க்கு இருளைப்பற்றிய அச்சம் மெய்யானது. டிசம்பர் 21 அல்லது 22ஆம் நாளில் இலண்டனில் பகற்பொழுது எட்டு மணிக்கும் குறைவு. எமதூரிலோ அந்நாளிலும் ஏறத்தாழப் பதினொன்றரை மணி நேரம் வெயிலுண்டு. ஆகலின், கதிரவன் வடக்கு நோக்கித் திரும்புதலை அவர்கள் உயிர்மீட்சியாக எண்ணி மணியடிப்பதில் வியப்பில்லை. நாமும் அத்திருப்பத்தைத் தைத்திங்கள் முதல்நாளில் உத்தராயணம் எனக் கொண்டாடுகின்றோம். வானத்து மீன்களை வைத்துக் கணக்கிடும் நம் ஆண்டுமுறையும், கதிரவனின் திருப்பமும் பல நூற்றாண்டுகளாகச் சிறிது சிறிதாக விலகியமையால், இன்று இரண்டிற்கும் இடையே மூன்று வாரத்துக்கு மேற்பட்ட இடைவெளி நிற்கின்றது. விழாவின் உட்கிடை மட்டும் ஒன்றே.

இரண்டாவது பாட்டாகிய 'மார்ச், தி மேட் சயன்டிஸ்ட்' இரண்டு நிமிடமும் நிரம்பாத சிறு துணுக்கு. அதனைப்பற்றி மிகுதியாகக் கூறுதற்கில்லை. நான்காவதாகிய 'பேன் டான்ஸ்' சொல்லில்லாத குழலிசை. பேன் என்பான் கிரேக்கர் கதைகளில் வரும் ஆயர் தெய்வம், குழலூதுபவன். முல்லை நிலத்துக் கொன்றைக் குழலும் ஆம்பற் குழலும் கற்ற தமிழ் மாணவர்க்கு அவ்விசை அயலாகத் தோன்றாது.

மூன்றாவதே எம் நெஞ்சைச் சுட்ட பாட்டு. 'எ கிறிஸ்துமஸ் சாங்' என்னும் அது 1968இல் முன்னரே வெளிவந்து, இத்தட்டில் மீண்டும் இடம்பெற்றது. மாண்டலின் நரம்புகள் மெல்லென ஒலிக்க, 1848இல் செசில் பிரான்சஸ் அலெக்சாந்தர் அம்மையார் சிறார்க்கென வெளியிட்ட கிறிஸ்து பிறப்புக் கீதமொன்றின் தொடக்கத்தை எடுத்துக்கொண்டு அப்பாட்டுப் புறப்படுகின்றது. நம் கோயில்களிலும் பாடப்படும் கீதமாதலின், கேட்போர் பக்தியோடு நிமிர்ந்து உட்காருவர். உடனே பாட்டுத் திசைதிரும்பி, பிறர் பசித்திருக்க வயிறுபுடைக்க உண்டு களிப்பீராயின் நீர் கொண்டாடும் பண்டிகை யாது என்று இடித்துரைக்கின்றது. இறுதியிலோ பாடுபவரே, குப்பியை இப்பக்கம் தள்ளும் என்று கிறிஸ்துமஸ் தாத்தாவைக் கேட்டு முடிக்கின்றார். இதனைக் கேட்ட நண்பர் நகைத்தார். எமக்கு நகை வரவில்லை. கடிந்துரைத்தவர் தம்மையும் குற்றவாளியர் வரிசையிலே நிறுத்திக்கொண்ட நேர்மை எம்மைத் தைத்தது.

குறைகூறுவார் சிலர் இருக்கலாம். ட்ரூயிடுகள் ஓக் மரத்துப் புல்லுருவியைப் போற்றினர் என்னும் செய்தி உரோமாபுரி ஆசிரியர் பிளினி முதல் நூற்றாண்டில் எழுதிவைத்தது. அதனையெடுத்து 1976இல் பாடினால் அது நாட்டுப்பாடலாகுமோ என வினவலாம். ஆகாது என்பதே எமது விடை. எந்த ஊர்க்கிழவியும் பாடக் கேட்டு எழுதியதன்று இப்பாட்டு; கற்றார் ஒருவர் தம் நாட்டுப் பழமையை நினைந்து புதிதாகப் புனைந்தது. ஆயினும் அவர் தம் நாட்டுப் பழமையை நோக்கி நாணவில்லை; நகைக்கவுமில்லை. தாம் கற்ற வித்தையெல்லாம் கொண்டு அதன் வாயிலிற் சென்று நின்றார். யாமோ வாயிலுக்குள்ளேயே பிறந்திருந்தும், கதவை அடைத்துவிட்டு வெளியேறியவர். அதனை இனிச் சொல்லல் வேண்டும்.

எமதூர் சிங்கம்புணரி. பாரியின் பறம்பென்று கூறப்படும் பிரான்மலைக்கு அணித்தாயது. தென்னந்தோப்பும் கயிறு திரித்தலும் மலிந்தது. வைகாசியில் சேவுகப்பெருமாள் ஐயனார் கோயில் தேர் ஓடுங்கால் கொட்டுமுழக்கு எம் வீட்டுத் திண்ணைவரை வந்து அதிரும். எம் அப்பத்தா தேங்காய் நாரை ராட்டையிற் சுற்றிக் கயிறு திரித்தே எம் தந்தையாரைப் படிக்கவைத்தவர். கைநாட்டன்றி எழுத்தறியார். இளமையில் முளைப்பாரிக்கும் அறுவடைக்கும் கும்மி கொட்டியவர். திருச்சபையிற் சேர்ந்த பின்னர் அக்கும்மி மெட்டுகளிலேயே தொழுவத்துப் பாலகனையும் மேய்ப்பரையும் பாடப் பழகியவர். வேதநாயக சாஸ்திரியார் கற்று அறிந்து செய்ததை இவர் கல்லாமலே செய்தார் போலும்.

எமக்குப் பன்னிரண்டு வயது நடந்தபோது, கிறிஸ்து பிறப்பின் முன்னிரவிலே கோயில் முற்றத்தில் சிறுவர் கீதங்கள் பாடி முடிந்ததும், அப்பத்தா தம் தோழியர் நால்வரை அழைத்து வட்டமிட்டுக் கும்மி தொடங்கினார். பட்டணத்திலிருந்து வந்திருந்த சிறுவர் சிலர் வாயைப் பொத்திக்கொண்டு நகைத்தனர். யாம் வட்டத்தினுட் புகுந்து அப்பத்தாவின் கையைப் பற்றி, "போதும் அப்பத்தா, எல்லாரும் சிரிக்கிறாங்க" என்றோம். அவர் எம் முகத்தை ஒருமுறை பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய் அமர்ந்தார். அதன்பின் எம் காதுபட அவர் பாடியதே இல்லை. யாமும் பாடச் சொன்னதில்லை. நாளடைவில், அவர் பாடுவார் என்பதையே மறந்தோம்.

விடுதியறையில் எம் உள்ளத்தே திடுக்கிட்டு விழித்தது அந்தக் கைத்தட்டலே.

விடுமுறைக்கு ஊர் சென்றபோது அப்பத்தா திண்ணையில் ராட்டையருகே அமர்ந்திருந்தார். அவர் அருகே கைப்பேசியை வைத்துப் பாட்டை ஒலிக்கவிட்டோம். ராட்டை நின்றது. சிறிது கேட்டு, "வெள்ளைக்காரங்களும் கும்மி கொட்டுவாகளா அப்பு?" என்றார். மறுமுறை கேட்டுத் தொடையிலே தட்டிப் பார்த்து, "எட்டு வைக்கிற எடத்துல ஏழு வைக்கிறாக, ஒரு அடி குறையுது" என்றார். மூன்றாம் முறை கேட்டபோது அவர் கை பிசகவில்லை. மிச்ர சாபு என்னும் பெயரை யாம் ஏட்டிற் படித்துப் பல நாள் விரல்மடித்துப் பழகியதை, நார் உரிந்து காய்த்த அக்கைகள் மும்முறைக் கேள்வியிற் கைக்கொண்டன.

"அப்பத்தா, நம்ம பாட்டு ஒண்ணு பாடுங்க" என்றோம்.

"தொண்டை போச்சு. அதெல்லாம் எங்க ஞாபகம் இருக்கு?" என்று ராட்டையைச் சுற்றத் தொடங்கினார்.

அன்று யாம் வட்டத்தினுட் புகுந்து செய்ததை எடுத்துக்கூறி, பொறுக்கவேண்டும் என்றோம். மறந்திருப்பார் என்றெண்ணியே கூறினோம். அவர் மறந்திருக்கவில்லை. "சின்னப்புள்ளைதானே" என்றார். நெடுநேரம் கழித்து, "இதை ரெண்டு வருசத்துக்கு முன்னால சொல்லியிருந்தா இன்னும் நாலு பாட்டு நெனப்புல இருந்திருக்கும்" என்றார். வைதிருந்தாரேல் எமக்கு ஆறுதலாயிருந்திருக்கும்.

அவ்விடுமுறை முழுவதும் ஏடும் எழுதுகோலுமாக அவர் அருகே அமர்ந்தோம். முழுமையாகக் கிடைத்தவை ஒன்பது பாட்டுகள். முதலடி மட்டும் கிடைத்தவை பதினான்கு. அவற்றுட் சிலவற்றின் எஞ்சிய அடிகளைக் கேட்டறிய அவருடைய பழந்தோழியரைத் தேடினோம். அன்று வட்டமிட்ட நால்வருள் மூவர் இறந்துவிட்டனர். எஞ்சிய ஒருவர்க்குக் காது கேளாது. பறம்பு வீழ்ந்தபின் கபிலர் அம்மலையைத் திரும்பித் திரும்பி நோக்கிச் சென்ற துயரத்தைத் தேர்வுக்காக யாம் உரையோடு படித்திருந்தோம். அதன் பொருள் அம்மலையின் நிழலில், கேளாக் காதின் அருகே குனிந்து உரத்துக் கத்தியபோதே எமக்கு விளங்கிற்று.

கிறிஸ்து பிறப்பின் முன்னிரவு வந்தது. சிறுவர் கீதங்கள் முடிந்ததும் யாம் முற்றத்தில் நின்று, அவ்வொன்பதில் ஒன்றைத் தொடங்கினோம். எமது குரல் சிறந்ததன்று. மெட்டும் இரண்டாம் அடியிற் பிசகிற்று. சிலர் நகைத்தனர். நகைப்பு எத்தன்மையது என்பதை ஏழாண்டு கழித்து யாமும் அறிந்தோம். அப்போது பின்னாலிருந்து கைத்தட்டல் ஒன்று எழுந்து, பிசகிய எம்மை இழுத்துத் தாளத்தில் நிறுத்திற்று. அப்பத்தா நாற்காலியை விட்டு எழவில்லை, பாடவுமில்லை. கைகளை மட்டும் கொட்டிக்கொண்டிருந்தார். சிறுமியர் இருவர் மூவர் சேர்ந்துகொண்டனர். பாட்டு எவ்வாறோ கரைசேர்ந்தது.

நாட்டார் இசையைக் கோயில் வழிபாட்டினுள் கொணர்தலைப் புதுமையென்று அஞ்சுவார்க்கு ஒன்று கூறுவோம். மதுரைத் தமிழ்நாடு இறையியற் கல்லூரியில் ஆசிரியராயிருந்து 2005இல் மறைந்த அருட்திரு தியாப்பிலஸ் அப்பாவு ஐயரவர்கள், கிராமத்து மெட்டுகளிலேயே வழிபாட்டுமுறை ஒன்றை ஆக்கி நடத்திக் காட்டியுள்ளார்கள். வழி முன்னரே வெட்டப்பட்டுள்ளது, நடப்பாரே வேண்டும்.

அம்மானை பாடிய முனிவரும், குரவை அமைத்த அடிகளும், ஏழெண்ணி மணியடித்த ஆங்கிலக் குழலாளரும் கீழிறங்கி வரவில்லை. தம்மினும் மூத்தார் ஒருவர் திண்ணையில் அமர்ந்திருத்தலைக் கண்டு, அவர் காலடியில் அமரச் சென்றனர். அத்துணையே. உடன்பயிலும் நண்பர்காள்! அடுத்த விடுமுறைக்கு ஊர் செல்லுங்கால் ஓர் ஏட்டினை உடன்கொண்டு செல்லுங்கள். நும் அப்பத்தாவும் அம்மாச்சியும் இன்று நினைவில் வைத்திருக்கும் பாட்டை அடுத்த ஆண்டும் வைத்திருப்பார் என எண்ணி இராதீர்கள்.

எமது ஏட்டில் முதலடி மட்டும் எழுதிய பதினான்கு பக்கங்கள் எஞ்சிய இடம் வெறுமையாகவே கிடக்கின்றன. சென்ற திங்கள் எம் தந்தையார் தொலைபேசியிற் பேசியபோது, ஒரு பாட்டின் மூன்றாமடி அப்பத்தாவுக்கு நினைவு வந்துவிட்டதாம், உடனே எழுதிக்கொள்ளச் சொன்னார் என்று கூறி, அதனைத் தாமே மெட்டோடு பாடிக்காட்டினார். எம் தந்தையார் பாடி யாம் கேட்டது அதுவே முதல்முறை.